மாடியில் ஆலா முட்டையிட்டுள்ளது

ஐஸ் ஃபேக்டரியின் பின்பக்க இரும்பு ஏணியில் அந்த அட்டை தொங்கிய அன்று கடலோரச் சாலையில் ஒருத்தரும் ஒழுங்காக வேலை பார்க்கவில்லை. அட்டையில் கொட்டை எழுத்தில் இப்படி இருந்தது: "எச்சரிக்கை. மாடியில் ஆலா முட்டையிட்டுள்ளது. யாரும் மேலே ஏறக் கூடாது."

எழுதியவருக்கு அதில் சிரிக்க ஒன்றும் இருப்பதாகத் தோன்றியிருக்காது. ஆனால் அந்தச் சாலையில் ஆலா என்றால் ஒரே ஒரு ஆள்தான். மாடி ஒழுகலை அடைக்கிற பெண்மணி. ஐம்பதைத் தாண்டியவள், மணமான மகள் இருப்பவள். அவள் முட்டை போட்டிருக்கிறாள் என்ற செய்தி டீக்கடையில் புறப்பட்டு, வலைக் கடையைக் கடந்து, சலூனுக்குள் நுழைந்து, பாதி மீசையோடு ஒரு மனிதரை வெளியே இழுத்து வந்தது.

"எத்தனை முட்டையாம்?" என்றார் பாதி மீசை.

"அவ வேகத்துக்கு இந்நேரம் குஞ்சே பொரிச்சிருப்பா" என்றார் டீக்கடைக்காரர்.

அந்தப் பெயர் வந்த கதை இது. அவள் ஏழாம் மாதமே பிறந்துவிட்டவள். வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கக்கூடப் பொறுமை இல்லை என்பது அவள் அம்மாவின் குற்றச்சாட்டு. நடக்கிற வயதில் ஓடினாள், ஓடுகிற வயதில் சுவர் ஏறினாள். பந்தி போடுமுன் கை கழுவிவிட்டு நிற்பாள். "ஏன்டி இப்படி ஆலாப் பறக்கற?" என்று அம்மா ஒரு நாளைக்கு இருபது தடவை கத்த, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நீளத்தை வெட்டி ஆலா என்று வைத்துக்கொண்டார்கள். வயதானபோது மரியாதைக்கு ஓர் அக்கா ஒட்டிக்கொண்டது. ஆலாக்கா. சொந்தப் பெயரை வங்கிக்காரர்கள் மட்டும் கூப்பிடுவார்கள், அதற்கும் அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். ஆலா என்றால் என்ன என்று அவளும் கேட்டதில்லை, அவளைக் கூப்பிட்டவர்களும் கேட்டதில்லை. நாம் மட்டும் கேட்டோமா என்ன?

ஒழுகல் வேலைக்கு அவள் வந்ததும் அவசரத்தால்தான். கொத்தனாருக்குச் சித்தாளாகச் சிமென்ட் சுமந்துகொண்டிருந்தாள். ஒரு நாள் கொத்தனார்கள் டீ குடிக்கப் போனார்கள். டீயோடு அரசியலும் பேசிவிட்டுத் திரும்பி வந்தால் மாடி முழுக்கத் தார் பூசி முடிந்திருந்தது. மேஸ்திரி குதிகுதியென்று குதித்தார். அன்று மாலையே மழை பிடித்தது. ஒரு சொட்டு கீழே இறங்கவில்லை. மேஸ்திரி குதிப்பதை நிறுத்தினார்.

அதற்குப் பிறகு யார் வீட்டுக் கூரை ஒழுகினாலும் ஆலாக்காதான். வானத்தில் கை அகலம் மேகம் தெரிந்தால் போதும், காலில் சுடுதண்ணீர் ஊற்றிக்கொண்டவளாக வேலையில் இறங்குவாள். மற்றவர்கள் மூன்று நாள் எடுக்கிற மாடியை ஒரே நாளில் முடிப்பாள். ஒரு பூச்சு ஆறிய பிறகுதான் அடுத்த பூச்சு என்று ஒரு விதி உண்டு. அந்த விதி மற்றவர்களுக்கு. "ஒழுகினா என் பேரை மாத்தி வச்சுக்கறேன்" என்பாள். ஒழுகவில்லை, பெயரும் மாறவில்லை.

கடவுளுக்கும் நகைச்சுவை உண்டு என்பதற்குச் சாட்சி அவள் கணவர். தையல்காரர். ஐஸ் ஃபேக்டரிக்கு எதிரே முதல் மாடியில் கடை. பள்ளிச் சீருடைக்குத் துணி கொடுத்தால் முதல் பரீட்சை முடிந்து கிடைக்கும், அதற்குள் பிள்ளை அரை அடி வளர்ந்திருக்கும். அவர் கல்யாணப் பேச்சை எடுப்பார் என்று ஒரு மழைக்காலம் முழுக்கக் காத்திருந்து பார்த்துவிட்டு, கடைப் படியில் ஏறிப்போய், "கட்டிக்கறீங்களா இல்லையா? எனக்கு மாடியில வேலை கிடக்கு" என்று கேட்டவள் அவள். அவர் ஊசியில் நூல் கோத்து முடித்துவிட்டுச் சரி என்றார். அவளுக்குத் தெரிந்து அவர் வாழ்க்கையில் எடுத்த ஒரே துரித முடிவு அது.

அட்டை விஷயத்துக்கு வருவோம். போன வருடம் ஐஸ் ஃபேக்டரி மாடிக்குத் தார் பூசியவள் அவள்தான். இந்த வருடம் வெயில் கொளுத்துகிற கொளுத்தலில் ஐஸ் உறைவதற்குள் உருகத் தொடங்கியது. ஆகவே வெயிலைத் திருப்பி அனுப்புகிற வெள்ளைப் பூச்சு அடிக்கச் சொல்லி முதலாளி கூப்பிட்டிருந்தார். இந்த முதலாளி ஊரே வெந்துகொண்டிருந்தாலும் கழுத்தில் மஃப்ளரோடு இருப்பவர். ஐஸுக்கு நடுவே உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கு வருடம் பூரா ஜலதோஷம்.

இரண்டு கையிலும் பெயின்ட் டின்னோடு அவள் ஏணிக்கு வந்தபோது ஒரு கூட்டமே காத்திருந்தது. அவள் அட்டையைப் படித்தாள். மறுபடி படித்தாள். முகம் சிவந்தது.

"முட்டையிட்டுள்ளதா?" என்று கரடியாகக் கத்தினாள். "யார்யா எழுதினது? அது இதுன்னு எழுத நான் என்ன ஆடா மாடா? முட்டையிட்டுள்ளார்னு எழுதத் தெரியாது?"

கூட்டம் சிரித்த சிரிப்பில் முதலாளியின் இருமல்கூட அமுங்கிப்போனது. அதே நேரத்தில் வேறு ஊரில் நர்ஸாக இருக்கிற மகள் போன் செய்து, "அம்மா, நீ முட்டை போட்டியாமே? உடம்பு பரவாயில்லையா?" என்று கேட்டாள். செய்தி ஆலாக்காவைவிட வேகமாகப் பறந்திருந்தது. அவளுக்கு அதுதான் பெரிய அவமானம்.

அட்டையை ஒரு பக்கம் தள்ளிவிட்டு ஏறினாள். மேலே தலை தெரிந்ததுதான் தாமதம், கிறீச்சென்று ஒரு கூச்சல். கொக்கில் பாதிகூட இல்லாத வெள்ளைப் பறவைகள், கறுப்புத் தொப்பி, மஞ்சள் மூக்கு, அலகில் கோபம். கூட்டமாக எழும்பி ஒவ்வொன்றாக அவள் தலையைக் குறி வைத்துப் பாய்ந்தன. ஒன்று உச்சந்தலையில் கொத்தியது. இன்னொன்று அதைவிடக் கெட்டிக்காரத்தனமாக மேலேயிருந்தே காரியத்தை முடித்தது. வெதுவெதுப்பாக அது நெற்றியில் வழிந்து மூக்கு நுனியில் தொங்கியது. ஆலாக்கா ஒரு வேலையை ஆரம்பிக்காமல் ஏணி இறங்கியது அதுதான் முதல் தடவை.

கீழே ஒரு பெண் கைக்குட்டையை நீட்டினாள். முப்பது வயதிருக்கும். வெயிலில் மூக்கு உரிந்திருந்தது, கழுத்தில் பைனாகுலர். கடற்கரைப் பறவைகளைக் கணக்கெடுக்கிற ஆராய்ச்சிக்காரி. ஊரில் அவளுக்குப் பறவைக்காரி என்று பெயர்.

"அட்டை எழுதினது நான்தான்" என்றாள். "மன்னிச்சிருங்க. உங்க பேரு அதுன்னு தெரியாது. அந்தப் பறவையோட பேரு ஆலா."

ஆலாக்கா மூக்கைத் துடைப்பதை நிறுத்தினாள்.

"ஆலான்னு ஒரு பறவை இருக்கா?"

"மீனுக்காகக் கடல் மேல அங்கயும் இங்கயும் பரபரன்னு பறந்துக்கிட்டே இருக்கும். அதைப் பாத்துத்தான் ஆலாப் பறக்கறான்னு சொல்றாங்க போலிருக்கு."

ஐம்பது வருடமாகத் தன்னைத் திட்டிய வார்த்தைக்கு இறக்கை இருப்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. அதுவும் அந்த வார்த்தை அவள் தலையிலேயே கழிந்துவிட்டுப் போயிருக்கிறது.

"சரி, பறக்கட்டும். கடல்ல பறக்க வேண்டியதுதானே. என் மாடியில என்ன வேலை?"

பறவைக்காரி கடல் பக்கம் கையைக் காட்டினாள். "அங்க ஒரு மணல்திட்டு இருந்துதில்ல? காலங்காலமா அதுலதான் முட்டை வைக்கும். கூடெல்லாம் கட்டத் தெரியாது, மணல்ல சின்னதா ஒரு பள்ளம், அவ்வளவுதான். தண்ணி வருஷா வருஷம் ஏறுது. மூணு வருஷமா முட்டையெல்லாம் மிதந்துபோச்சு. இந்த வருஷம் திட்டே இல்ல. இந்தக் கரையில மிச்சம் இருக்கறதே இந்தக் கொஞ்சம் பறவைங்கதான். எங்க போச்சுன்னு தேடித் தேடிக் காலு தேஞ்சுபோச்சு. கடைசியில இங்க இருக்கு."

"ஊர்ல இத்தனை மாடி இருக்கே!"

"இதுல கிளிஞ்சல் கொட்டினது யாரு?"

ஆலாக்காவுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. தாரின் மேல் வெயில் நேராக விழாமல் இருக்கப் பொடி ஜல்லி பரப்புவார்கள். போன வருடம் ஜல்லி லாரி வரத் தாமதமானது. வானத்தில் ஒரு மேகம் வேறு எட்டிப் பார்த்தது. அவள் காத்திருப்பாளா? சாலை ஓரத்தில் யாரோ சுண்ணாம்புக்குக் குவித்து வைத்திருந்த கிளிஞ்சலை அள்ளி, ஆறாத தாரின் மேலேயே கொட்டிப் பரப்பிவிட்டாள். மேகம் ஒரு சொட்டும் விடாமல் கையை வீசிக்கொண்டு போய்விட்டது. மேலேயிருந்து பார்க்கிற பறவைக்கு அந்த மாடி அலை ஏறாத, நாய் வராத, அழகான கடற்கரை.

"அப்ப வீடு போன பின்னால என் மாடியைத் தேடிக்கிட்டு வந்திருக்காங்க" என்றாள். கோபம் போன இடம் தெரியவில்லை. "வேலை அவ்வளவு சுத்தம்!"

பறவைக்காரி அட்டையை நேராக்கித் தொங்கவிட்டாள்.

குஞ்சுகள் பறக்கும்வரை வெள்ளைப் பூச்சு கிடையாது என்று முடிவானது. முதலாளி நாலு தும்மல் தும்மி எதிர்ப்புத் தெரிவித்தார். "என் ஐஸ் என்னாறது?" என்றார். "நீங்க மஃப்ளரைக் கழட்டிப் பாருங்க, பாதிச் சூடு குறையும்" என்றாள் ஆலாக்கா. பறவைகளைக் கலைத்தால் சட்டப்படி என்ன ஆகும் என்று பறவைக்காரி தணிந்த குரலில் எடுத்துச் சொன்னாள். அவர் மஃப்ளரை இன்னும் ஒரு சுற்று சுற்றிக்கொண்டு உள்ளே போனார்.

மாடியைப் பார்க்க வசதியான இடம் தையல் கடை ஜன்னல். இரண்டு பெண்களும் துணி வெட்டுகிற மேசையில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். தையல்காரர் தரையில் விரித்து வெட்டினார், அவருக்கு அதிலும் ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை. ஆலாக்கா பைனாகுலரைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்ப்பாள்.

"இன்னுமா பொரிக்கல?"

"நேத்துத்தான் கேட்டீங்க."

"நேத்து பொரிக்கல. அதான் இன்னிக்குக் கேக்கறேன்."

காத்திருப்பதைக் கண்டுபிடித்தவன் யாரோ அவன் அவள் கையில் கிடைத்திருந்தால் தொலைந்தான். ஆனால் எழுந்து போகவும் முடியவில்லை. ஜோடியில் ஒன்று முட்டையின் மேல் நிற்கும், மற்றது கடலுக்குப் போய்ச் சின்ன மீனை வாயில் குறுக்கே கவ்விக்கொண்டு வரும். நடு வெயிலில் அது முட்டைக்குச் சூடு கொடுக்க உட்காரவில்லை, நிழல் கொடுக்க நிற்கிறது என்று பறவைக்காரி சொன்னாள். வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டே நின்றது. வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைக்கு ஈரம் வைத்தது. ஆலாக்கா ஊரில் எல்லாரிடமும் அளந்தாள். "நம்ம ஆளுங்க" என்றே சொல்லத் தொடங்கினாள். அட்டையையும் விட்டுவைக்கவில்லை. தார் பிரஷ்ஷால் திருத்தி எழுதினாள்: "மாடியில் ஆலாக்கள் முட்டையிட்டுள்ளார்கள்." இலக்கணம் தெரிந்த ஒருத்தர் வந்து இது தப்பு என்றார். "உங்க வீட்டுக் கூரை ஒழுகுதா?" என்று கேட்டாள். ஒழுகுகிறது என்றார். அதோடு இலக்கணம் முடிந்தது.

ஒரு காலையில் முதல் குஞ்சுகள் பொரிந்தன. கிளிஞ்சல் நிறத்தில் பஞ்சு உருண்டைகள். பொரிந்த மறுநாளே ஓடத் தொடங்கின. "பாத்தியா, என் புத்தி!" என்று மேசையைத் தட்டினாள்.

அந்த வாரம்தான் வெயில் தன் சுயரூபத்தைக் காட்டியது. அப்படி ஒரு வெயிலை அந்தச் சாலை பார்த்ததில்லை. சலூன்காரர் கத்திரியைத் துணி சுற்றிப் பிடித்தார். சாலையில் நடந்தவர்களின் செருப்பு ஒட்டி ஒட்டி விடுபட்டது. மதியம் பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்த ஆலாக்கா பேச்சை நிறுத்தினாள். அவள் பேச்சை நிறுத்துவது அபூர்வம் என்பதால் தையல்காரரே தலையைத் தூக்கினார்.

வடக்கு மூலையில் ஒரு குஞ்சு நின்றுகொண்டிருந்தது. மற்றதெல்லாம் நிழல் தேடி ஓட, இது மட்டும் நின்ற இடத்தில் இறக்கையை அடித்துக்கொண்டது. தாய் மீனோடு வந்து இரண்டடி தள்ளி நின்று கூப்பிட்டது. குஞ்சு போகவில்லை. தாய் இன்னும் கூப்பிட்டது.

"வெயில்ல சோர்ந்திருச்சு" என்றாள் பறவைக்காரி.

"இல்லம்மா. ஒட்டிக்கிச்சு."

வடக்கு மூலை. மேகத்தைப் பார்த்துவிட்டு அவள் கடைசியாகப் பூசிய மூலை. அங்கே கிளிஞ்சலும் மெல்லிசாகத்தான் விழுந்தது, தாரும் ஆறவில்லை. பழைய வெயிலாக இருந்திருந்தால் தப்பியிருக்கும். அவளுடைய அவசரம் எல்லாம் அப்படித்தான் இத்தனை வருடம் தப்பித்தது, வானம் விட்டுக்கொடுத்துக்கொண்டே வந்தது. இந்த வெயில் விட்டுக்கொடுக்கிற ஜாதி இல்லை. தார் உருகி மேலே வந்துவிட்டது.

பறவைக்காரி ஏணிக்கு ஓடினாள். இந்த நேரத்தில் மாடியில் ஆள் நின்றால் பறவைகள் எழும்பிவிடும், நிழல் போனால் இன்னும் பொரியாத முட்டைகள் அப்படியே வெந்துவிடும். ஏணியில் கையை வைத்தபடி அவள் நின்றுவிட்டாள். ஒரு குஞ்சுக்காக மற்றதையெல்லாம் கொடுக்க முடியாது. ஆலாக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். சாயங்காலம் வரை தாய் கூப்பிட்டது. பிறகு கூப்பிடவில்லை.

ஆலாக்கா அழுதாள். சத்தமாக, மூக்கை உறிஞ்சி, தையல்காரர் வெட்டி வைத்த யாரோ ஒருவரின் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு அழுதாள். அவள் வேகத்தைத்தான் ஊர் இத்தனை காலம் மெச்சியது. அந்த வேகத்தின் மேல் ஒரு கையளவு உயிர் ஒட்டிக்கொண்டு செத்திருக்கிறது.

"என்ன செய்யணும் சொல்லு" என்றாள் கடைசியில்.

"தலைமை அலுவலகத்துக்குச் சொல்லிட்டேன். ஆளுங்க வர ரெண்டு மூணு நாளாகும்" என்றாள் பறவைக்காரி.

"நாளைக்கும் இதே வெயில்தான். மூலை பூரா பிசினா கிடக்கு. கிளிஞ்சல் கனமாக் கொட்டணும். ஒளிஞ்சுக்க நிழல் வைக்கணும். பழைய வீடு இடிச்ச முகட்டு ஓடு என்கிட்ட கிடக்கு, கவுத்து வச்சா குஞ்சு உள்ள பூந்துக்கும்."

"ஆலாப் பறக்காதே" என்றார் தையல்காரர் தரையிலிருந்து. பழக்க தோஷம். "அவங்க வரட்டும், பாத்துச் செய்யலாம்."

பறவைக்காரி மாடியைப் பார்த்தாள். பிறகு அலுவலகத்துக்குப் போன் போட்டாள். வெகு நேரம் வாதாடினாள். ஒரு கட்டத்தில் "செத்ததுக்கு அப்புறம் வந்து எண்ணிட்டுப் போறீங்களா?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். போனை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அனுமதி கொடுத்துட்டாங்க. விடிஞ்சு வெயில் ஏர்றதுக்கு முன்னால கொஞ்ச நேரம் கிடைக்கும். அப்ப முட்டைக்குச் சூடும் வேணாம், நிழலும் வேணாம். அதுக்குள்ள முடிச்சு இறங்கிடணும். இதை இவ்வளவு சீக்கிரம் செய்ய எங்க ஆளுங்களாலயும் முடியாது, என்னாலயும் முடியாது." ஆலாக்காவின் கையைப் பிடித்தாள். "அக்கா, நீங்க ஆலாப் பறங்க."

பிறந்ததிலிருந்து அவளிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவள் அப்போதே ஓடுகளை எடுக்கக் கிளம்பினாள்.

தலையைக் கொத்துமே என்பதுதான் பாக்கி. இந்தப் பறவைகள் எது உயரமாக இருக்கிறதோ அதைத்தான் கொத்தும் என்றாள் பறவைக்காரி. தையல்காரர் மெஷினில் உட்கார்ந்தார். மறுநாள் விடியும்போது தடித்த துணியில் ஒரு தொப்பி, அதன் உச்சியில் குச்சி, குச்சியில் ஒரு கொடி. சொன்ன நேரத்துக்கு அவர் தைத்துக் கொடுத்த முதல் உருப்படி. ஊர் வரலாற்றில் கடைசியும் அதுதான்.

"நல்லாவே இல்ல" என்றாள் ஆலாக்கா, தலையில் வைத்துக்கொண்டு.

"தெரியும். பாத்துப் போ" என்றார்.

கிழக்கு வெளுத்ததும் ஏறினார்கள். பறவைகள் எழும்பிக் கொடியைக் கொத்திக் கிழித்தன. பறவைக்காரி ஏணி வாயில் நின்று எந்தப் பள்ளத்தில் முட்டை, எந்தப் பக்கம் குஞ்சு என்று கையைக் காட்டினாள். ஆலாக்கா பறந்தாள். வேறு சொல் இல்லை. மூட்டை மூட்டையாகக் கிளிஞ்சலை வடக்கு மூலையில் கொட்டிப் பரப்பினாள். தண்ணீர் வெளியேறுகிற ஓட்டைகளில் குஞ்சு விழாமல் கம்பி வலை சொருகினாள். முகட்டு ஓடுகளைக் கைப்பிடிச் சுவர் ஓரமாகக் கவிழ்த்துக்கொண்டே வந்தாள். கால் வைக்கிற ஒவ்வொரு இடத்தையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். வெயில் வருமுன் எல்லாம் முடிந்தது. கையில் ஒரே ஒரு ஓடு மிச்சம்.

"போதும், வந்துருங்க!" என்றாள் பறவைக்காரி. சூரியன் சுவருக்கு மேலே வந்துவிட்டது.

ஆலாக்கா காலைத் தூக்கப்போனாள். தூக்கவில்லை. அவள் நிழல் கிளிஞ்சலின் மேல் நீளமாக விழுந்திருந்தது. அந்த நிழலுக்குள், அவள் குதிகாலை ஒட்டி, ஒரு குஞ்சு வந்து படுத்துக்கொண்டிருந்தது.

"வர முடியாது" என்றாள் உதட்டை அசைக்காமல்.

"ஏன்?"

"ஒருத்தர் வந்து உக்காந்திருக்காரு."

காலை எடுத்தால் குஞ்சை மிதிக்கலாம். நகர்ந்தால் அது மிரண்டு எந்தப் பக்கம் ஓடுமோ தெரியாது. பறவைக்காரி ஏணியில் இரண்டு படி கீழே இறங்கித் தலையை மறைத்துக்கொண்டாள். "அசையாம நில்லுங்க. மத்ததெல்லாம் உங்களைத் தூணுன்னு நெனச்சு இறங்கினாத்தான் உண்டு" என்று மட்டும் குரல் வந்தது.

ஏழு மாதத்தில் பிறந்தவள் நின்றாள். கையில் ஓடு, தலையில் கந்தலாய்த் தொங்குகிற கொடி, கழுத்தில் வியர்வை. முதுகு அரித்தது. சொறியவில்லை. தலைக்கு மேலே கூச்சல் மெல்ல அடங்கியது. ஒரு பறவை இறங்கித் தன் முட்டையின் மேல் நின்றது. இன்னொன்று இறங்கியது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் இறங்கிவிட்டன, அவளைச் சுற்றி, அவள் இல்லாதது போல. எதிரே ஜன்னலில் தையல்காரர் காஜா எடுப்பதை விட்டுவிட்டு நின்றார். கீழே டீக்கடைக்காரர் கிளாஸைக் கையில் பிடித்தபடி அண்ணாந்தார். முதலாளி இருமலை மஃப்ளரால் பொத்திக்கொண்டார். அவள் ஓர் இடத்தில் நின்று ஊர் பார்த்ததில்லை.

குஞ்சின் மூச்சு அவள் குதிகாலில் பட்டது. என் வேலையை நம்பி வந்து படுத்திருக்கிறாயே பைத்தியமே என்று மனதுக்குள் அதைத் திட்டினாள். கடலே கைவிட்ட பிறகு இதற்குக் கிடைத்தது அரை குறையாகப் பூசிய ஒரு மாடியும், முக்கால் கிழவி ஒருத்தியின் நிழலும்தான்.

தாய் மீனோடு வந்தது. அவளை ஏற இறங்கப் பார்த்தது. தள்ளி நின்று கூப்பிட்டது. குஞ்சு தலையைத் தூக்கி, எழுந்து, தள்ளாடி ஓடி, ஓரத்தில் கவிழ்த்த ஓட்டுக்கு அடியில் புகுந்தது. தாய் மீனை உள்ளே நீட்டியது. அதற்குப் பிறகுதான் ஆலாக்கா கையிலிருந்த ஓட்டைத் தரையில் வைத்தாள். அங்குலம் அங்குலமாகக் குனிந்து, சத்தம் வராமல் வைத்தாள். அவள் ஏணிக்குத் திரும்பி நடந்த வேகத்தைப் பார்த்த தையல்காரர், "எனக்கே தூக்கம் வந்துருச்சு" என்று பின்னால் சொன்னார்.

எல்லாக் குஞ்சும் பிழைக்கவில்லை. வெயிலில் சில போயின, காக்கை இரண்டைத் தூக்கிற்று. ஆனால் தாரில் ஒன்றும் ஒட்டவில்லை. மிச்சம் பறந்தன. கடைசிக் குஞ்சு சுவரைத் தாண்டிக் கடல் பக்கம் போன அன்று முதலாளி மூன்று தும்மலோடு பெயின்ட் டின்னைக் காட்டினார். ஆலாக்கா பழைய தாரை அடிமட்டம் வரை சுரண்டி எடுத்தாள். வெள்ளைப் பூச்சு அடித்தாள். ஆறும்வரை மாடியிலேயே குடை பிடித்து உட்கார்ந்திருந்தாள். நடுவே ஒரு மேகம் வந்து பார்த்தது. "போடா" என்றாள். நன்றாக ஆறிய பிறகு இன்னொரு பூச்சு, அதுவும் ஆறிய பிறகு கணுக்கால் புதைய வெள்ளைக் கிளிஞ்சல். அவள் பூச்சு ஆறட்டும் என்று வெறுமனே உட்கார்ந்திருந்தாள் என்று சொன்னால் நம்பாதவர்கள் இன்றும் உண்டு.

"இது தீர்வு இல்லக்கா" என்றாள் பறவைக்காரி கிளிஞ்சலைப் பார்த்தபடி. "தண்ணி ஏறிக்கிட்டேதான் இருக்கு. எத்தனை மாடிக்கு நீங்க கிளிஞ்சல் கொட்டுவீங்க?"

"எனக்கு ஒழுகலை அடைக்கத்தான் தெரியும். மழையை நிறுத்தத் தெரியாது. அதுக்காக அடைக்காம இருக்க முடியுமா?"

அடுத்த வருடம் பருவம் வந்தபோது இருவரும் படகில் போய்ப் பார்த்தார்கள். திட்டு இருந்த இடத்தில் தண்ணீர் கொஞ்சம் வெளிறியிருந்தது, அவ்வளவுதான். படகுக்காரர் அதன் மேலேயே ஓட்டிக்கொண்டு போனார்.

"மாடிக்கு வருவாங்களா?"

"தெரியல. ஒரு வருஷம் வந்த இடத்துக்கு மறு வருஷம் வரணும்னு கட்டாயம் இல்ல. வழியில என்ன ஆச்சோ."

ஆலாக்கா தினமும் விடிந்ததும் ஏறினாள். ஓடுகளை ஒழுங்குபடுத்தினாள், வலையைச் சரி பார்த்தாள். பிறகு செய்ய ஒன்றும் இருக்காது. நடுவில் போய் நின்றுகொள்வாள். பறவைகள் வரவேண்டிய நாள் கடந்தது. பறவைக்காரி பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். கடற்கரை நெடுகத் தேடப் போய்விட்டு வெறும் கையோடு வந்தாள். "ஆலாப் பறக்காதே, வருவாங்க" என்று தையல்காரர் ஜன்னலிலிருந்து சொல்வார். அவள் பறக்கவில்லை என்பதை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ஒரு காலை. கடல் பக்கமிருந்து காற்று. அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தாள். நட்ட நடு உச்சியில் வெதுவெதுப்பாக ஏதோ விழுந்து நெற்றியில் இறங்கியது.

அவள் துடைக்கவில்லை. மேலே பார்க்கவும் இல்லை. எதிர் ஜன்னல் பக்கம் திரும்பி, சாலை முழுக்கக் கேட்கும்படி, "ஏங்க! வந்துட்டாங்க!" என்று ஒரே ஒரு தடவை கத்தினாள். பிறகு வாயை மூடிக்கொண்டு, அவர்கள் இறங்கட்டும் என்று, அசையாமல் நின்றாள்.